“படிக்கலைன்னா குப்பை அள்ளப் போ”: குழந்தை தன்னை எடைபோடக் கற்றுக்கொள்ளும் விதம்

(அம்பத்தூரில் தோழர்கள் ஏற்பாடு செய்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாரத்துக்குக் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, துணி துவைக்கிற நேரத்தையும் கறி எடுக்கிற நேரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நோட்டீசில் ‘குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவது எப்படி’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்ணா நகரிலும் முகப்பேரிலும் ஏ.சி. மண்டபத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். அங்கே பேசப்படும் குழந்தைக்கு ஒரு அம்மா, ஒரு அப்பா, தனியாக ஒரு அறை உண்டு. சாதி கிடையாது. வீட்டுக்கு வெளியே தெரு இருப்பதாகவே தெரியாது. நான் பேச வந்தது வேறு குழந்தையைப் பற்றி. திருமுல்லைவாயிலில், பட்டாபிராமில், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் வளர்கிற குழந்தை. அது ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்ற முடிவுக்கு எப்படி வருகிறது, அதில் நம் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

முதலில், பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் தன்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் கிடையாது. ஒரு வயதுக் குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார வைத்தால், அது கண்ணாடியைத் தொடும், கண்ணாடிக்குள் இருக்கும் ‘பாப்பா’வோடு விளையாடும். ஒன்றரை, இரண்டு வயதில்தான் கை தன் மூக்குக்குப் போகிறது. ‘அது நான்’ என்று அப்போதுதான் தெரிகிறது. 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் செய்து பார்த்த சோதனை இது. இன்று நீங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

அதற்கடுத்து நடப்பதுதான் நமக்கு முக்கியம். டெபோரா ஸ்டிபெக் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் கவனித்து எழுதினார். இரண்டு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரு வேலையைச் செய்து முடித்தால் அந்த வேலையிலேயே சந்தோஷப்படும். டப்பாவுக்குள் டப்பாவைப் போட்டது, சத்தம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு வயதையொட்டி ஒரு மாற்றம் வருகிறது. செய்து முடித்ததும் தலையைத் தூக்கிப் பெரியவர் முகத்தைப் பார்க்கிறது. முகம் மலர்ந்ததா, சுருங்கியதா? மூன்று வயதுக்குப் பிறகு முகம் பார்க்காமலேயே தானாகத் தலையைக் குனிகிறது, அல்லது நெஞ்சை நிமிர்த்துகிறது. முன்பு வெளியே இருந்த முகம் இப்போது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

ஏழு, எட்டு வயது வாக்கில்தான் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்கும் பழக்கம் உறுதிப்படுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், ‘நான்தான் எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்’ என்று சொல்லும். நான்காம் வகுப்பில் அதே பிள்ளை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும். நடுவில் மூளை மாறிவிடவில்லை. அளவுகோல் கைக்கு வந்துவிட்டது. அந்த அளவுகோலை யார் கொடுத்தார்கள்?

பாதி நாம் கொடுத்ததுதான். இங்கே இருக்கும் பெரும்பாலான வீடுகளில் புழங்கும் சொற்களைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘நீயெல்லாம் எங்க உருப்படப் போற.’ ‘சோத்துக்குத் தண்டம்.’ ‘உங்க அப்பன் புத்திதான உனக்கும் வரும்.’ இதில் எதுவும் செய்த தப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆளைப் பற்றிப் பேசுகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் கமின்ஸ், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைப் பொம்மை விளையாட்டில் ஈடுபடுத்திப் பார்த்தார்கள். ஒரு தவறு நடக்கிறது. ஒரு பிரிவுக் குழந்தைகளிடம் டீச்சர் பொம்மை, ‘உன்னை நினைத்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது’ என்கிற தொனியில் பேசுகிறது. இன்னொரு பிரிவிடம், ‘வேறு எப்படிச் செய்யலாம் என்று யோசி’ என்கிறது. அடுத்த முறை தவறு நேர்ந்தபோது முதல் பிரிவுக் குழந்தைகள் தாங்களே கெட்டவர்கள், கெட்டிக்காரத்தனம் இல்லாதவர்கள் என்று தங்களை மதிப்பிட்டார்கள், வேலையையும் விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ‘நீ ரொம்ப நல்ல பிள்ளை, கெட்டிக்காரி’ என்று ஆளைப் புகழ்ந்து பழக்கிய குழந்தைகளும் தோல்வி வந்தபோது அதே மாதிரி உடைந்தார்கள். ஆளைத் தூக்கி வைத்தாலும் ஆளை இறக்கி வைத்தாலும் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஒவ்வொரு வேலையும் என் மீதான தீர்ப்பு.

இதோடு நிறுத்தினால் நானும் முகப்பேர் பேச்சாளர் ஆகிவிடுவேன். அதனால் மேலே போகிறேன்.

இந்தப் பகுதியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதே காலத்தில் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது. பாடியிலும் கம்பெனிகள் வந்தன. திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி, திண்டிவனம் பக்கத்துச் சேரிகளிலிருந்து நம் அப்பாக்களும் தாத்தாக்களும் வேலை தேடி இந்த ரயில் பாதை ஓரமாக வந்து இறங்கினார்கள். ஊரில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததை இங்கே கம்பெனி அட்டை மறைக்கும் என்று நம்பினார்கள். நிரந்தர வேலை கிடைத்தவர்களுக்கு ஓரளவு மறைத்தது. ஒரு தலைமுறை நிமிர்ந்தது. இன்று அந்த நிரந்தர வேலை எங்கே? எஸ்டேட்டில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற அப்பா மகனிடம் பேசும் நேரம் இரவு பத்து மணி. அப்போது அவர் வாயிலிருந்து வரும் ஒரே அறிவுரை: ‘ஒழுங்கா படி, இல்லைன்னா என்னை மாதிரி ஆயிடுவ.’

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்பில் சொல்வதுதான், சந்தேகமில்லை. தன் உடம்பையே உதாரணமாகக் கிழித்துக் காட்டுகிறார். ஆனால் கேட்கிற எட்டு வயதுப் பையனுக்கு என்ன போய்ச் சேருகிறது? அப்பா ஒரு தோல்வி. அப்பா மாதிரி இருப்பது கேவலம். நான் மேலே போக வேண்டுமென்றால் முதலில் இவரை வெறுக்க வேண்டும். சாதி இந்துப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பாடம் ‘நம்ம பரம்பரை என்ன, நம்ம குடும்பம் என்ன’ என்பது. அதில் பாதி பொய்யாகக்கூட இருக்கலாம். நம் பிள்ளைக்கு நம் உழைப்பையே நாம் அவமானமாகக் கற்றுக்கொடுக்கிறோம். படித்து ஐ.டி. கம்பெனிக்குப் போன பிறகு அதே பிள்ளை அப்பாவை நண்பர்கள் முன் அறிமுகப்படுத்தத் தயங்கினால், ‘படிக்க வெச்சேன், மதிக்க மாட்டேங்குறான்’ என்று அழுகிறோம். மதிக்கக் கூடாது என்று பாடம் எடுத்ததே நாம்தானே.

பள்ளிக்கூடம் இதே பாடத்தை இன்னும் கொச்சையாக எடுக்கிறது. ‘படிக்கலைன்னா குப்பை அள்ளப் போ.’ ‘மாடு மேய்க்கப் போ.’ இப்படிப் பேசாத வகுப்பறை அரிது. சொல்கிற ஆசிரியர் கொடுமைக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு இது ஒரு சொலவடை. ஆனால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மா காலை ஆறு மணிக்குக் கையில் துடைப்பத்தோடு வேலைக்குப் போனவர். அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு அது ஒரு மிரட்டல். அவளுக்கு மட்டும் அது அம்மாவைப் பற்றிய செய்தி. வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்ல மாட்டாள். அம்மா என்ன வேலை என்று யாராவது கேட்டால் அடுத்த நாளிலிருந்து ‘கவர்ன்மென்ட் வேலை’ என்பாள்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வெளியே பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். கோரிக்கை அன்றைக்கு வெல்லவில்லை என்று சிலர் பேசினார்கள். நான் வேறொன்றை யோசித்தேன். அந்தப் பதின்மூன்று நாளும் அந்தப் பெண்களின் பிள்ளைகள் டி.வி.யில், போனில் தங்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மைக் பிடித்துப் பேசுகிறாள், கேள்வி கேட்கிறாள், அமைச்சருக்குப் பதில் சொல்கிறாள். ‘குப்பை அள்ளப் போ’ என்று இனி ஒரு ஆசிரியர் சொன்னால் அந்தப் பிள்ளையின் மனதில் வரும் படம் பழைய படமாக இருக்காது. எந்தத் தன்னம்பிக்கைப் பயிற்சியிலும் கிடைக்காதது இது. போராட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஊரின் பங்குக்கு வருகிறேன். 2022 செப்டம்பர், தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளம். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் கடைக்காரர், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்கு இனி எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அதைப் படம் எடுத்துப் பரப்பியதும் அவர்கள் தரப்புதான். என்ன கட்டுப்பாடு என்று ஒரு குழந்தை கேட்கிறது. அதன் குரலில் எதிர்ப்பு இல்லை, புரியாமை மட்டும்தான் இருக்கிறது. கையில் காசு இருக்கிறது, கடையில் மிட்டாய் இருக்கிறது, நடுவில் எதுவோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. வழக்குப் பதிந்தார்கள், கைது செய்தார்கள், கடைக்கு சீல் வைத்தார்கள், எல்லாம் சரி. அன்று சாயங்காலம் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்க் கேட்ட கேள்விக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். ‘நம்ம அப்படித்தான், அந்தப் பக்கம் போகாத’ என்று வந்திருந்தால், குற்றவாளி தான்தான் என்று குழந்தை முடிவு கட்டியிருக்கும். ‘தப்பு அவன் மேல, உன் மேல இல்ல’ என்று யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் காயம் இருந்திருக்கும், தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

நம் பகுதியில் பெட்டிக்கடைக்காரர் இப்படிப் பேச மாட்டார். இங்கே வேறு மொழி. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். ‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா?’ ‘சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?’ ‘என்ன சாமி கும்பிடுவீங்க?’ மூன்று கேள்வியில் முடிந்துவிடும். மறுநாள் போன் பண்ணினால் ‘வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்’. இதெல்லாம் நடக்கும்போது பக்கத்தில் நம் பிள்ளை நிற்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வரும் வழியிலேயே பாடம் எடுக்கிறோம்: ‘யாராவது கேட்டா ஆயா வீடு காஞ்சிபுரம் டவுன்ல இருக்குன்னு சொல்லு. காலனின்னு சொல்லாத. வீட்ல மாட்டுக்கறி செஞ்சதை ஸ்கூல்ல சொல்லாத. அம்பேத்கர் படத்தை உள் ரூம்ல மாட்டிக்கலாம்.’

நான் இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஹவுஸ் ஓனர் நிஜம். அட்வான்ஸ் நிஜம். மழைக்காலத்தில் வீடு இல்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியாது. பாதுகாப்புக்காகச் சில நேரம் சொல்லாமல் இருப்பது தவறில்லை. ஆனால் மறைப்பதற்கான காரணத்தை நாம் பிள்ளைக்குச் சொல்வதே இல்லை, அதுதான் சிக்கல். காரணம் சொல்லாமல் மறைக்கச் சொன்னால் ஒரு குழந்தை அதை ஒரே வழியில்தான் புரிந்துகொள்ளும்: நம்மிடம் வெட்கப்பட வேண்டிய ஏதோ இருக்கிறது. திருடிய பொருளையும் மறைக்கத்தானே சொல்வார்கள்? ‘அந்த வீட்டுக்காரர் மனசுல அழுக்கு இருக்கு, அதனால இப்போதைக்கு அவர்கிட்ட சொல்ல வேணாம், நம்மகிட்ட குறை எதுவும் இல்ல’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

இந்த ஒரு வரியால் என்ன மாறிவிடப் போகிறது என்று கேட்கலாம். அதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பினத் தம்பதி 1940களில் ஒரு சோதனை செய்தார்கள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளை மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள 253 கருப்பினக் குழந்தைகள் முன் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது அழகு என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியில் ‘இதில் உன்னைப் போல இருப்பது எது’ என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதார்கள், எழுந்து ஓடினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது தன் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் சுட்டியது. இந்தக் கதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான்.

அதன் தொடர்ச்சி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1960களின் கடைசியில் ரோசன்பெர்க், சிம்மன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் சென்றார்கள். தங்கள் இனத்தை நாடு தாழ்வாகப் பார்க்கிறது என்பதால் கருப்பினப் பிள்ளைகள் தங்களையும் தாழ்வாகவே எடை போடுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெள்ளைப் பிள்ளைகளை விட அவர்களின் சுயமதிப்பு குறையவில்லை. ஏன்? ஒரு குழந்தைக்கு நாடு என்ன நினைக்கிறது என்பதை விட அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு அத்தை, கூட விளையாடுகிறவன் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் பெரிது. தன்னை நேசிக்கும் மனிதர்கள் சுற்றி இருக்கும்வரை வெளியே இருக்கும் தராசு உள்ளே வர முடிவதில்லை. ஆனால் வெள்ளையர் அதிகம் படிக்கும் பள்ளிக்குப் போன கருப்பினப் பிள்ளைகளிடம் சுயமதிப்பு குறைந்திருந்தது. அங்கே தராசு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

இது அப்படியே நம் கதை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம், சரியான முடிவுதான். ஆனால் சேர்த்த அன்றே அந்தப் பிள்ளையின் அளவுகோல் மாறுகிறது. பிறந்தநாளுக்கு மற்ற பிள்ளைகள் கொண்டுவரும் கேக், டிபன் டப்பாவில் இருப்பது, ஷூ, அம்மா பேசும் ஆங்கிலம். பள்ளி மாறும் வருடம்தான் வீட்டில் அதிகம் பேச வேண்டிய வருடம். நாமோ அந்த வருடம்தான், ‘இவ்ளோ கஷ்டப்பட்டு சீட்டு வாங்கினோம், மார்க் எங்க’ என்று கேட்கிறோம்.

இன்னொரு சோதனை, நம் நாட்டில். உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்துச் செய்தது. உயர்த்தப்பட்ட சாதிகளில் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிகளில் 321 பேர். காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைக்குள் பென்சிலால் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு புதிருக்கு ஒரு ரூபாய். சாதியைப் பற்றிப் பேசாதபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் முடித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த எண்ணிக்கை சரிந்தது. அதே வயது, அதே புதிர், அதே ஒரு ரூபாய். மாறியது ஒரு அறிவிப்பு மட்டும். தகுதி, திறமை என்று மூச்சுக்கு முன்னூறு தரம் பேசுகிறவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறிவிப்பு நம் பள்ளிகளில் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ‘எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு.’ உதவி செய்யத்தான் எழுப்புகிறார்கள். எழுந்து நின்றவர்களுக்கு அடுத்த பீரியட் கணக்குப் பாடம்.

ஆவடியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் ஆவடியைச் சேர்ந்த நரிக்குறவர் மாணவிகள் தாங்கள் படும் அவமதிப்பைப் பற்றியும் படிக்க ஆசைப்படுவதைப் பற்றியும் கேமரா முன் பேசினார்கள். அது பரவி, முதலமைச்சர் அவர்களை அழைத்துப் பேசினார். ஏப்ரலில் அவர்கள் குடியிருப்புக்கே வந்து அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, பல பத்தாண்டுக் கோரிக்கை அது. முதலமைச்சர் சாப்பிட்டதைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. எனக்கு அந்தப் பெண்கள் பேசிய விதம்தான் பெரிது. அவர்கள் ‘நாங்க அழுக்கா இருக்கோம், மன்னிச்சிடுங்க’ என்று பேசவில்லை. எங்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று பேசினார்கள். குறை யாரிடம் இருக்கிறது என்பதில் அந்தப் பிள்ளைகளுக்குக் குழப்பம் இல்லை. பாசிமணி கோக்கும் யாரோ ஒரு தாயோ பாட்டியோ அவர்களை அப்படி வளர்த்திருக்க வேண்டும்.

வளர்ப்பு என்றதும் எனக்கு ராம்ஜி சக்பால் நினைவு வரும். அண்ணலின் வாழ்க்கையை நாம் நிறையப் பேசுகிறோம், அவருடைய அப்பாவைக் குறைவாகவே பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணிப்பையில் உட்கார்ந்த, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்க முடிந்த பிள்ளை. 1901இல் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் புறப்பட்டுப் போன ஒன்பது வயதுப் பையன். நல்ல உடை உடுத்தியிருந்தார்கள், கையில் பணம் இருந்தது. என்ன சாதி என்று தெரிந்ததும் ஒரு மாட்டு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிக் கேவலமான தீர்ப்பு எழுத எல்லாக் காரணமும் இருந்தது. மறுபக்கம் அவர் அப்பா இருந்தார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது விடியற்காலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். மகன் கேட்ட புத்தகம் வாங்கக் கையில் காசு இல்லையென்றால் கல்யாணமான மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்தார். இந்தப் பையனின் மூளைக்கு இவ்வளவு மதிப்பு என்று அந்த வீடு சொல்லிக்கொண்டே இருந்தது. ராம்ஜி கண்டிப்பானவர், இன்றைய குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் தேற மாட்டார். ஆனால் ஊர் வைத்த தராசுக்கு எதிரில் இன்னொரு தராசை வீட்டில் வைத்திருந்தார்.

இந்தக் கூட்டத்தில் பட்டியல் சாதியைச் சேராத தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். பிள்ளைகளா மறுத்தார்கள்? பசியோடு இருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு உப்புமாவில் சாதி தெரியுமா? வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். பசியை விடப் பெரியது சாதி என்று ஒரு குழந்தைக்குப் பழக்குவது எவ்வளவு கடினமான வேலை, அதையும் செய்து முடித்திருக்கிறார்கள். அப்படி வளரும் குழந்தையின் சுயமதிப்பு எதன் மேல் நிற்கிறது? தான் செய்த எதன் மேலும் இல்லை. இன்னொருவன் கீழே இருக்கிறான் என்பதன் மேல் நிற்கிறது. கீழே இருக்க வேண்டியவன் நன்றாகப் படித்தால் அது ஆடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இதுதான். உடன் படித்த பையன்கள் அரிவாளோடு வீடு புகுந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த மாணவர் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார், வீட்டிலும் காரணத்தை முதலில் சொல்லவில்லை. மறு ஆண்டு அவர் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 எடுத்தார். அவரைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். வெட்டிய பையன்களை யார் வளர்த்தது என்று மட்டும் அதிகம் பேசவில்லை. அவர்களும் பிறக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள்தான். கையில் கயிறு கட்டிவிட்டது யார், ஆண்ட பரம்பரைப் பாட்டை ரிங்டோனாக வைத்துக்கொடுத்தது யார்?

1925இல் பெரியார் சுயமரியாதை என்ற சொல்லை எடுத்தபோது அதைத் தோளில் தட்டிக்கொடுப்பது என்ற பொருளில் எடுக்கவில்லை. அடுத்தவனை இழிவாக்கி வரும் மதிப்பும் சுயமரியாதை அல்ல, அடுத்தவன் இழிவாக்கினால் போய்விடும் மதிப்பும் சுயமரியாதை அல்ல. இன்று தன்னம்பிக்கை வியாபாரிகள் அந்தச் சொல்லை ‘பாசிட்டிவ் திங்கிங்’ ஆக்கிவிட்டார்கள்.

கடைசியாக, வேலைக்கான விஷயம். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு சிலர் கூச்சல் போட்டதில் மற்றவை காதில் விழாமல் போயின. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது என்கிறது அந்த அறிக்கை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் மாணவரின் சாதியைக் குறிப்பிட்டோ, சுற்றி வளைத்தோ பேசக் கூடாது என்கிறது. உதவித்தொகை விவரத்தைத் தலைமை ஆசிரியர் அந்தந்த மாணவரை அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. புதிர்ப்பாதைச் சோதனையில் அந்தப் பையன்களைச் சரித்தது எதுவோ அதைத்தான் இது தடுக்கச் சொல்கிறது.

அரசு உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் நடக்கும், நமக்குக் கையெழுத்துப் போட மட்டும் அழைப்பு வரும், நாமும் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். இரண்டு தீர்மானம் போதும். உதவித்தொகைக்கு வகுப்பில் யாரையும் எழுப்பக் கூடாது. ‘குப்பை அள்ளப் போ’ என்று எந்த ஆசிரியரும் பேசக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள், எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் தயங்கினால் நாலு பேராகப் போங்கள், நானும் வருகிறேன். தனியார் பள்ளிப் பெற்றோருக்கு வழி வேறு, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து பேசுவோம்.